காட், கணவாய், சுரம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் தமிழ் வழியில் ஏழாவது படிக்கிறான். போன வாரம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். “மாமா, மேற்குத் தொடர்ச்சி மலைன்னா எதோட தொடர்ச்சி?”

கேட்டது சரிதான். எங்கள் ஊரில் நின்று வடக்கே பார்த்தால் மலை. தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதிப் பக்கத்து மலை. நடுவில் வயலும் பனைமரமும். தபதி ஆற்றிலிருந்து கன்னியாகுமரிப் பக்கம் வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளும் மலை, எங்கள் தலைமாட்டில்தான் அறுந்து கிடக்கிறது.

ஆங்கிலப் பெயரான ‘வெஸ்டர்ன் காட்ஸ்’ இன்னும் வேடிக்கை. அதில் மலையே கிடையாது. வடமொழியில் ‘கட்டம்’ என்றால் நீரில் இறங்குகிற படித்துறை. காசியில் கங்கைக் கரையில் இருப்பவை இந்தக் காட்கள்தான். மராத்தியில் இதே சொல் மலையேறி இறங்கும் வழிக்கும் ஆகிவந்தது. கொங்கணக் கரையிலிருந்து தக்காண மேட்டுக்கு ஏறும் போர் காட், தல் காட் எல்லாம் அப்படிப்பட்ட வழிகள். கடல் வழியே வந்த ஐரோப்பியர்கள் வழியின் பெயரையே மலைக்கும் வைத்துவிட்டார்கள். வாசற்படியின் பெயரை வீட்டுக்கு வைத்த கதை. 2012இல் யுனெஸ்கோ இந்த மலையின் 39 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் ஏறியது அதே பெயர்தான்.

மலையாளத்தில் இது பச்சிமகட்டம். தெலுங்கில் ‘படமடி கனுமலு’, அதாவது மேற்குக் கணவாய்கள். காட் என்பதை அப்படியே பெயர்த்துக்கொண்டார்கள். தமிழ் மட்டும் வழியை விட்டு மலையைப் பிடித்தது. அதற்காக ஒரு சபாஷ் போடலாம். ஆனால் ‘தொடர்ச்சி’ என்ற சொல்லில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் மலைகளுக்குத் ‘தொடர்’ போதும். ‘தொடர்ச்சி’ என்றால் போன வாரக் கதையின் மிச்சம் மாதிரி இருக்கிறது. கோதாவரி, கிருஷ்ணா, காவிரி என்று ஆறுகள் துண்டு துண்டாக அறுத்துப் போட்டிருக்கும் கிழக்கு மலைகளுக்கும் அதே ‘தொடர்ச்சி’யைக் கொடுத்திருக்கிறோம்.

இதற்கு நடுவில் எங்கள் ஊருக்கும் ஒரு ‘காட்’ ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் பாலக்காட்டைப் ‘பால்காட்’ என்று எழுதினார்கள். ரயில் டிக்கெட்டில் இன்றும் எங்கள் நிலையத்தின் குறியீடு பி.ஜி.டி.தான். அதைப் பார்த்துவிட்டு, “கணவாய் இருப்பதால் காட் என்று வந்திருக்கும்” என்று விளக்கம் சொல்கிற ஆள்களைப் பார்த்திருக்கிறேன். அது வெறும் காடு. பாலைமரக் காடு என்பது இங்கே பலரும் சொல்லும் விளக்கம்.

சரி, மலையில் இருக்கும் அந்த வழிக்குத் தமிழில் என்ன பெயர்? கணவாய். கன்னடத்தில் கணிவெ, தெலுங்கில் கனும. எல்லாம் ஒரே குடும்பம். என்ன, இணையத்தில் ‘கணவாய்’ என்று தேடினால் பாதிக்குப் பாதி கணவாய் மீன் வறுவல்தான் வந்து விழும்.

மலையாளிகள் சொல்வது சுரம்: வயநாட்டுக்கு ஏறும் தாமரச்சேரிச் சுரம், பாலக்காட்டுச் சுரம். இது நம்முடைய சொல்தான். சங்கப் பாட்டில் பொருள் தேடிப் போகிற தலைவன் வெயிலில் தனியே கடக்கும் கடுவழிக்குப் பெயர் சுரம். அந்த வழி மலையாளத்தில் மலைமேல் ஏறிக்கொண்டது. தமிழில் புழக்கத்திலிருந்தே போய்விட்டது. போன இடத்தில் வடமொழி ‘ஜ்வரம்’ தேய்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது. “தாமரச்சேரிச் சுரத்துல மூணு மணி நேரம் மாட்டிக்கிட்டோம்” என்று கோயம்புத்தூர்ச் சித்தியிடம் போனில் சொன்னேன். “டாக்டர்கிட்ட காட்டினியா?” என்றாள்.

தாமரச்சேரிச் சுரத்துக்குப் பெயர் பொருந்தும். ஒன்பது கொண்டை ஊசி வளைவு. பாலக்காட்டிலிருந்து வாளையாறு வழியாகக் கோயம்புத்தூர் போகிற சாலையில் ஒன்றுகூடக் கிடையாது. தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர், வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில், கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைக்கூடத் தொடாத தரை. தென்மேற்குப் பருவக் காற்று இந்தத் திறப்பில் புகுந்துதான் கோவைப் பக்கம் போகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நிற்பதும் அதனால்தான். மார்கழி, தையில் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து அடிக்கும். கொடியில் போட்ட வேட்டி அரை மணியில் காய்ந்துவிடும், அடுத்த வீட்டில் போய்த் தேட வேண்டும். இத்தனை அகலத் திறப்பைச் சுரம் என்பதைவிடக் கணவாய் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. சொல்லுக்குள்ளேயே ஒரு வாய் திறந்திருக்கிறது.

ஆக, ஒரே ‘காட்’டுக்குத் தமிழில் இடத்துக்கு ஒரு சொல் வேண்டும். ஆற்றங்கரையில் படித்துறை. மலை இடைவெளிக்குக் கணவாய். ‘காட் ரோடு’ என்கிறோமே, அது மலைப்பாதை. மொத்த மலைக்கும் மேற்கு மலைத்தொடர். பழம்பெயர் வேண்டுமென்றால் சையம் இருக்கிறது, சஹ்யம் என்பதன் தமிழ் வடிவம். அதைவிட எனக்குப் பிடித்தது குடமலை. குடக்கு என்றால் மேற்கு. காவிரிப்பூம்பட்டினத்துக் கடைவீதியில் வந்து குவியும் சரக்கைச் சொல்லும் பட்டினப்பாலை, “குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும்” என்கிறது. சந்தனமும் அகிலும் இந்த மலையிலிருந்து இறங்கிப் போனவை.

பையனிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டு, பரீட்சையில் மட்டும் புத்தகத்தில் இருக்கிறபடி எழுதச் சொன்னேன்.

“குடமலைன்னு எழுதினா மார்க் போடுவாங்களா மாமா?”

“உங்க டீச்சரைக் கேட்டுட்டு எழுது.”