கணினியை மாற்றத் தயங்குவோர் கவனத்துக்கு

பினாங்கில் சிறு வணிகர்களுக்கும் கணக்காளர் அலுவலகங்களுக்கும் கணினி பராமரித்துக் கொடுப்பது என் தொழில். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் ஜவுளிக்கடையானாலும் பட்டர்வொர்த்தின் லாரி நிறுவனமானாலும், அண்மைக் காலமாக எங்கும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: "நல்லாத்தானே ஓடுது தம்பி, இத ஏன் இப்போ மாத்தணும்?" இப்படிக் கேட்பவர்களைக் கஞ்சர்கள் என்று ஒதுக்கிவிடும் விற்பனையாளர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தயக்கத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. எஞ்சியதில்தான் ஆபத்து இருக்கிறது. வேகத்தை மட்டும் வைத்துக் கணினியின் ஆயுளைக் கணக்கிடுவதால், எந்தத் தயக்கம் நியாயமானது, எது ஆபத்தானது என்று பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் நியாயத்தைப் பார்ப்போம். ஒரு காலத்தில் புதிதாக வாங்கிய கணினி மூன்று நான்கு ஆண்டுகளில் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். இன்று பில் போடவும், மின்னஞ்சல் பார்க்கவும், எக்செல் கோப்பு திறக்கவும் பத்தாண்டு பழைய கோர் ஐ5 செயலியே (புராசஸர்) போதும். ஆனால் அந்தக் கணினியின் வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. போட்டிருக்க வேண்டும். சுழலும் வன்தட்டு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 மெகாபைட் வரை படிக்கும். வன்தட்டு இருந்த அதே சாட்டா இணைப்பில் செருகும் சாதாரண எஸ்.எஸ்.டி. 500 மெகாபைட்டைத் தொடும். ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் இந்த இடைவெளி இன்னும் பல மடங்கு பெரியது. அந்த ஒரு மாற்றத்தைச் செய்துகொண்டவர்களுக்குப் பழைய பெட்டியே புதுக் கணினியாகத் தோன்றுகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பிள்ளைகளின் படிப்புக்காகவும் வீட்டிலிருந்து வேலை செய்யவும் அவசரமாக வாங்கிய மடிக்கணினிகளும் பெரும்பாலும் இன்னும் நன்றாகவே உழைக்கின்றன. இவர்களை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் கடைக்காரர்கள் தள்ளிப்போடுவதற்கு உண்மையான காரணம் வேகமும் அல்ல, பணமும் அல்ல. கணினியை மாற்றினால் அதிலுள்ள எல்லாம் போய்விடுமோ என்ற அச்சம். லெபு பாசாரில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணினியைச் சொல்கிறேன். கல்லா மேசைக்கு அடியில், சாம்பிராணிப் புகை தினமும் படியும் இடத்தில் அது இருக்கிறது. மூடியைக் கழற்றினால், செயலியின் மேலுள்ள அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளித் துணி போல் படிந்திருந்தது. பின்புறத்தில் பழைய பிரிண்டர்களுக்கான பேரலல் போர்ட், அதிலிருந்து தடித்த சாம்பல் நிறக் கேபிள், அதன் மறுமுனையில் ஊசியால் அடித்து அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மூன்று பிரதி பில்லைக் கார்பன் வைத்து ஒரே அடியில் எடுக்க இன்றும் அதுதான் தேவை. பக்கத்திலேயே கணக்கு மென்பொருளின் டாங்கிள் செருகியிருந்தது; அந்தச் சிறு சாவிக் கருவி இல்லாமல் மென்பொருள் திறக்காது. மென்பொருளை விற்றவர் தொழிலை மூடிவிட்டார். நிறுவும் குறுந்தட்டும் காணாமல் போய்விட்டது. வருமான வரிக்காக ஏழு ஆண்டுக் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டிய ஒருவர், அவற்றைத் திறக்கத் தெரிந்த ஒரே கணினியைத் தொட அஞ்சுவதைப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன்.

இந்த அச்சத்துக்கு வழி இருக்கிறது. பேரலல் போர்ட் கார்டு ஒன்றைப் புதிய கணினியில் பொருத்தினால் பழைய பிரிண்டர் வேலை செய்யும். யு.எஸ்.பி. மாற்றுக் கேபிளும் கிடைக்கும் என்றாலும், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருள்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. பழைய கணக்குகளை பி.டி.எஃப். ஆகவும் எக்செல் ஆகவும் வெளியே எடுத்துவைத்துவிட்டு, பழைய கணினியை இணையத்திலிருந்து முற்றிலும் துண்டித்து, பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி விண்டோஸ் 10. 2015 ஜூலையில் வெளிவந்த அந்த இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முறைப்படி நிறுத்தியது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியையும், பொதுவாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியையும் கேட்கிறது. ஏழாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் டிபிஎம் இருந்தும், செயலி மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இல்லாததால் அவை ஒதுக்கப்படுகின்றன. நன்றாக ஓடும் பொருளை ஒரு பட்டியலுக்காகத் தூக்கிப் போடச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். அதே வேளையில், தகுதியுள்ள கணினியும் சில சமயம் தகுதியற்றதாகக் காட்டப்படுவதுண்டு. கணினி தொடங்கும்போதே திறக்கும் பயாஸ் அமைப்பில் டிபிஎம் அணைத்து வைக்கப்பட்டிருப்பதே காரணம். புதியது வாங்குமுன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உடனே மாற்ற முடியாதவர்கள், விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தொடர்ந்து தரும் மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேரலாம். வீட்டுப் பயனாளர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை உண்டு. நிறுவனங்களுக்கு முதலாண்டில் கணினி ஒன்றுக்கு 61 அமெரிக்க டாலர். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். இரண்டாம் ஆண்டுக்கும் கட்டணம் கட்டலாமா என்று யோசிப்பவர், அந்தத் தொகையைப் புதுக் கணினியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

விலையும் இப்போது குறுக்கே நிற்கிறது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான உயர்வேக நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால், சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரிய உற்பத்தியாளர்களும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டனர். சாதாரணக் கணினிக்கான நினைவகமான ரேம் 2025இன் பிற்பகுதியிலிருந்து கடுமையாக விலையேறியது. பொதுமக்களுக்கான குரூசியல் பெயரிலான விற்பனையையே கைவிடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. மைக்ரானின் ஆலை இங்கே பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில்தான் இருக்கிறது. அதனால் நமக்கு ஒரு சென் சலுகையும் இல்லை! பழைய கணினிகள் பலவற்றில் இருக்கும் டிடிஆர்4 வகை ரேமின் உற்பத்தியும் குறைக்கப்பட்டதால், பழைய கணினிக்கு ரேம் கூட்டுவதும் முன்பு போல் மலிவானதல்ல. ஆகவே, நினைவகம் மட்டும் போதாமல் இருப்பவர் சற்றுக் காத்திருப்பதில் தவறில்லை என்பேன்.

காத்திருக்கக் கூடாதவை வேறு. முதலாவது, வன்தட்டின் உடல்நிலை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், தட்டின் நிலை நீலத்திலோ மஞ்சளிலோ சிவப்பிலோ தெரியும். மஞ்சள் என்றால், கெட்டுப்போன பகுதிகளைத் தட்டு தானே ஒதுக்கிவிட்டுச் சமாளித்து வருகிறது என்பதே பெரும்பாலும் பொருள். அந்தக் கணினியும் "நல்லாத்தான் ஓடும்", நின்றுபோகும் நாள் வரை. எஸ்.எஸ்.டி. போட்டாயிற்றே என்று நிம்மதி அடைபவர்களுக்கும் ஒரு சொல்: அது பல நேரம் முன்னறிவிப்பின்றியே நின்றுபோகும், அதிலிருந்து தரவை மீட்பதும் வன்தட்டைவிடக் கடினம். மடிக்கணினியில் விசைப்பலகையோ தொடுபலகையோ மேல்நோக்கிப் புடைத்திருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அன்றே பயன்பாட்டை நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை தாக்குதலுக்கான தடுப்பு, அதற்கு இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் வெளியாகியிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகுதி, அதை நிறுவாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள். விண்டோஸ் 10இல் தங்கி, நீட்டிப்பிலும் சேராதவருக்கு இனி அத்தகைய தடுப்பு வழக்கமாக வந்து சேரப்போவதில்லை. வங்கிக் கணக்கும் மின்-விலைப்பட்டியலும் அதே கணினியில் நடக்கும்போது இது சிறு விஷயமல்ல. காப்புப் பிரதி எடுக்கும் வெளி வன்தட்டை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிடுங்கள்; கோப்புகள் பூட்டப்படும்போது அதிலுள்ளவையும் சேர்ந்தே பூட்டப்படும். இன்னொரு பிரதி கடைக்கு வெளியே, வீட்டில் இருக்கட்டும்.

மாற்றுவது என்று முடிவெடுத்தால் நேரம் பார்த்துச் செய்யுங்கள். ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும், கணக்காளர் வரிக் கணக்கு தாக்கல் செய்யும் பருவத்திலும் இதைத் தொட வேண்டாம். வியாபாரம் மந்தமான மாதத்தில் புதியதை நிறுவி, ஒரு மாதம் முழுக்க இரண்டிலும் பில் போட்டு, மாதக் கடைசியில் இரண்டு கணக்கும் ஒத்துவருகின்றனவா என்று சரிபார்த்த பிறகே பழையதை நிறுத்துங்கள். நிறுத்திய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடுமுன் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் அதில்தான் இருக்கின்றன. எஞ்சிய மின்னணுக் கழிவைச் சுற்றுச்சூழல் துறையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கலாம்.