ஸ்கிரீனிங்: திரையா, சல்லடையா?

'ஸ்கிரீனிங்' என்பதற்கு இணையத்தில் மொழிபெயர்ப்பு தேடினால் 'திரையிடல்' என்று வருகிறது. சினிமாவுக்கு அது சரி. 'கருப்பை வாய்ப் புற்றுநோய்த் திரையிடல்' என்று துண்டறிக்கை அச்சிட்டுக் கொடுத்தால் படிக்கிற பெண்ணுக்கு என்ன புரியும்? மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். அவர் எச்.ஐ.வி. தொற்றுள்ளவராக இருந்தால், அந்த ஒரு சொல்லால் வரும் இழப்பு பெரிது.

ஆங்கிலத்தில் 'ஸ்கிரீன்' என்பது முதலில் கணப்பு நெருப்பின் அனல் மேலே படாமல் மறைக்கிற தட்டி. பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். சினிமாத் திரையும் கைபேசித் திரையும் அந்தக் கிளையில் வந்தவை. இன்னொரு கிளையும் உண்டு. மணல், நிலக்கரி, தானியம் சலிக்கிற பெரிய சல்லடைக்கும் ஸ்கிரீன் என்றே பெயர். மருத்துவம் எடுத்துக்கொண்டது சல்லடையைத்தான். 1951இல் அமெரிக்காவில் நாட்பட்ட நோய்களுக்கான ஆணையம் ஒன்று இதற்கு வரையறை தந்தது. நலமாகத் தெரிகிறவர்களில் நோய் இருக்கக்கூடியவர்களையும் இல்லாதவர்களையும் பிரித்தெடுப்பது ஸ்கிரீனிங். நோயை உறுதிசெய்வது அதன் வேலையே அல்ல.

மாவு சலிப்பதை நினைத்துப் பாருங்கள். நல்ல மாவு கீழே இறங்கிவிடும், கொஞ்சம் மேலே நிற்கும். நிற்பதெல்லாம் கப்பி இல்லை. சிலது வெறும் கட்டி, விரலால் நசுக்கினால் உதிர்ந்துவிடும். ஸ்கிரீனிங் சொல்வதும் இவ்வளவுதான்: இது மேலே நின்றிருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

'பரிசோதனை' என்று மட்டும் எழுதினால் இந்த நுட்பம் தொலைந்துவிடுகிறது. 'நோய் கண்டறிதல்' என்பது அடுத்த கட்டத்தின் பெயர். 'வருமுன் சோதனை' கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே உடம்பில் இருக்கிற காசநோயைத் தேடுவதற்குப் பொருந்தாது. 'சலித்தல்' என்று மொட்டையாக வைத்தால் சலிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். என் தேர்வு 'சல்லடைச் சோதனை'. எழுத்துக்கும் நிற்கும், பேச்சுக்கும் வரும்.

உறுப்பின் பெயரையும் பார்த்துவிடலாம். 'செர்விக்ஸ்' லத்தீனில் கழுத்து. கருப்பைக் கழுத்து என்று தமிழில் எழுதுவோர் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். மக்களிடம் நிலைத்தது 'கருப்பை வாய்'. எனக்கும் அதுவே பிடிக்கும், ஏனென்றால் செவிலியர் கண்ணால் பார்க்கிற இடம் அந்த வாய்தான்.

எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 6 மடங்கு. காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். பெரும்பாலான பெண்களின் உடம்பு அதைத் தானாகவே விரட்டிவிடும். எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பில் அது தங்கிவிடுகிறது. வழக்கமாக 15, 20 ஆண்டுகள் எடுத்துப் புற்றாக மாறுவது, சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. இருந்தால் 5 முதல் 10 ஆண்டுகளிலேயே மாறக்கூடும். அதனால் இவர்களுக்குச் சல்லடையை முன்னதாகவே எடுக்க வேண்டும், அடிக்கடியும் எடுக்க வேண்டும். மற்ற பெண்களுக்கு 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதில் தொடங்கி 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. எச்.பி.வி.யின் மரபணு இருக்கிறதா என்று தேடும் மரபணுச் சோதனையை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கணக்கு இது.

சரி, எந்தச் சல்லடை? பாப்பனிகோலாவு என்ற கிரேக்க மருத்துவரின் பெயரைச் சுருக்கி வந்த 'பாப் ஸ்மியர்', அதாவது கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை, பணக்கார நாடுகளில் எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் அதற்கு ஆய்வகம் வேண்டும், நுண்ணோக்கியில் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும், முடிவு வாங்கப் பெண் மறுபடி வர வேண்டும். பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் போனால் யார் மறுபடி வருவார்?

அங்கேதான் காடி வந்தது. வினிகருக்குத் தமிழில் காடி என்று பெயர். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறத் தொடங்கிய திசு வெளுத்துத் தெரியும். 'வி.ஐ.ஏ.' என்ற மூன்றெழுத்துக்குள் இருப்பது இந்தக் 'காடிப் பார்வை'தான். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் செவிலியர்கள் ஒரே ஒருமுறை இப்படிப் பார்த்ததில், இந்தப் புற்றால் நேரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. ஆய்வு வெளியான ஆண்டு 2007. அது பொதுவான பெண்களிடம் நடந்தது.

எச்.ஐ.வி. பரவலாக இருக்கும் ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவில், 2006இல் முலிண்டி முவானஹமுண்டு, குரோஸ்பெக் பார்ஹம் என்ற இரு மருத்துவர்கள் தலைநகர் லுசாகாவின் அரசு சுகாதார நிலையங்களில் இதைத் தொடங்கினார்கள். எச்.ஐ.வி. சிகிச்சை நடக்கும் இடங்களோடு சேர்த்தே வைத்தார்கள். செவிலியர் காடி தடவி, டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்து, அந்தப் பெண்ணுக்கே காட்டி விளக்குவார். ஐயம் இருந்தால் படம் மருத்துவருக்குப் போகும். பொருத்தமாக இருந்தால் அன்றைக்கே அந்தத் திசுவை உறையவைத்துச் சிகிச்சை. சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லாமல், செவிலியரை நம்பி நடந்த வேலை இது.

காடிப் பார்வைக்குக் குறையும் உண்டு. பார்க்கிற கண்ணைப் பொறுத்து முடிவு மாறும். மாதவிடாய் நின்ற பெண்களில் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடும். அதனால் இப்போது முதல் இடம் மரபணுச் சோதனைக்கு. பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம் என்பது அதில் பெரிய நிம்மதி.

ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களில் நிறையப் பேருக்கு எச்.பி.வி. இருக்கும். எல்லாரும் சல்லடை மேலே நிற்பார்கள். ஆகவே இவர்களுக்கு இரண்டாவது சலிப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல். அதன் பெயர் 'டிரையாஜ்'. பிரெஞ்சில் தரம் பிரித்தல் என்று பொருள். தமிழில் 'மறுசலிப்பு' என்று சொல்லிப் பார்க்கிறேன்.

'பாசிடிவ்' என்ற சொல்லை ஒருமுறை கேட்டு வாழ்க்கையே புரண்டுபோனவர்கள் இந்தப் பெண்கள். எச்.பி.வி. முடிவுக்கும் அதே சொல்லை அவர்கள் காதில் போட வேண்டுமா? "சல்லடையில் நின்றிருக்கும்மா, புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இன்னொரு முறை பார்த்துவிடலாம், இப்போதே, இங்கேயே" என்று செவிலியர் சொல்லலாம்.