ஐஸ் பெட்டியில் கல்லீரல் வாய் திறக்காது

தானமாகக் கிடைத்த கல்லீரலைப் பாதுகாப்புத் திரவத்தால் கழுவி, பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஏறக்குறைய மீன் வாங்கி வருகிற மாதிரிதான். 4 டிகிரியில் செல்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளுமே தவிர, நிறுத்துவதில்லை. ஆக்சிஜன் இல்லாமலே இருப்பில் உள்ள எரிபொருளைத் தின்று தீர்க்கும், கழிவு சேரும், அப்புறம் புது உடம்பில் பொருத்தி சூடான ரத்தம் பாய்கிற முதல் சில நிமிடங்களில், அப்படித் தேங்கிக் கிடந்த சக்சினேட் என்ற பொருள் ஒரேயடியாக எரிந்து நிஜமான அடி விழும்.

கொழுப்பேறிய கல்லீரலும், இதயம் நின்ற பிறகு எடுத்த கல்லீரலும் இதை அவ்வளவாகத் தாங்காது. எது தாங்கும் என்று பெட்டிக்குள் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. அதனால் சந்தேகம் வந்தாலே வேண்டாம் என்றுவிடுவார்கள்.

ஆக்ஸ்போர்டில் அறுவை மருத்துவர் பீட்டர் ஃப்ரெண்டும் பொறியாளர் கான்ஸ்டன்டின் கூசியோஸும் இதற்கு நேர் எதிராக யோசித்தார்கள். குளிரவைக்காமல், 37 டிகிரியில், வெளியிலும் கல்லீரலை வேலை செய்யவிட்டால் என்ன? 2013இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் அப்படி ஒரு இயந்திரத்தில் வைத்திருந்த கல்லீரல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

இயந்திரம் செய்வது உடம்பு செய்வதைத்தான். ரத்த வங்கிச் சிவப்பணுக்களைச் சூடாக்கி, ஆக்சிஜன் ஏற்றி, தமனி வழியாக அழுத்தத்தோடும் குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக மெதுவாகவும் அனுப்புகிறது. உறையாமலிருக்க ஹெபாரின், கூடவே இன்சுலின், ஊட்டம், பித்த உப்பு. சரி, இதில் அப்படி என்ன லாபம்? 24 மணி நேரம் வரை வைத்திருக்கலாம், நள்ளிரவு அறுவையைக் காலைக்குத் தள்ளலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால் பெரிய லாபம், கல்லீரலைப் பொருத்துவதற்கு முன்பே அதன் நாடியைப் பிடித்துப் பார்க்க முடிவதுதான். லாக்டேட் (ஆக்சிஜன் போதாதபோது சேர்வது, நல்ல கல்லீரல் அதை நீக்கிவிடும்) சில மணி நேரத்தில் லிட்டருக்கு 2.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்குகிறதா, பித்தநீர் சுரக்கிறதா, அமிலத்தன்மை சீராகிறதா? பதில் மேசை மேலேயே கிடைத்துவிடும்.

220 மாற்று அறுவைகளை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஐஸில் வைத்தவற்றைவிட இயந்திரத்தில் வைத்தவற்றுக்குச் சேதம் பாதிதான். தூக்கிப்போட்டவையும் பாதியாகக் குறைந்தன, அதுவும் 54 சதவீதம் கூடுதல் நேரம் வெளியில் இருந்தும். பர்மிங்ஹாமில் இன்னும் துணிச்சல்: பிரிட்டனின் எல்லா மையங்களும் வேண்டாமென்ற 31 கல்லீரல்களை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, தேறிய 22ஐப் பொருத்தினார்கள். 22 பேரும் 90 நாளைத் தாண்டினார்கள்.

ஆனால் அதில் நான்கு பேருக்குப் பித்தநாளம் சுருங்கி, மறுபடியும் வேறு கல்லீரல் வைக்க வேண்டியதாயிற்று. லாக்டேட்டைத் தின்கிற செல்கள் பித்தநாளத்துக்காகச் சாட்சி சொல்வதில்லை. இதயம் நின்ற பிறகு எடுத்த கல்லீரல்களில் இந்தத் தொல்லையை 18 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தது, 2021இல் நெதர்லாந்துக் குழு காட்டிய இன்னொரு இயந்திரம். அது ஓடுவது குளிரில்தான். ஆக்சிஜனை மட்டும் சேர்த்துக்கொண்டது.