இரண்டாயிரம் வாட் எங்கே போகிறது?

கடை அலமாரியில் அறையைச் சூடாக்கும் மின்சார ஹீட்டர்கள் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றை ஒரு கையால் தூக்கிவிடலாம். முன்பக்கம் சல்லடை, உள்ளே குட்டி ஃபேன். இன்னொன்று சக்கரம் வைத்த ஆயில் ஹீட்டர்; நல்ல கனம், விலா எலும்பு மாதிரி வரிசையாகத் தகடுகள். இரண்டின் பின்னாலும் ஒட்டியிருக்கும் சீட்டில் 2000 வாட் என்றுதான் போட்டிருக்கிறது. பெரியதன் பெட்டியில் மட்டும் ஒரு பச்சை இலைப் படமும் 'மின்சாரம் மிச்சம்' என்ற வாசகமும்.

அந்த இலையை மறந்துவிடலாம். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டும் 2 யூனிட் இழுக்கும். அந்த 2 யூனிட்டையும் மிச்சம் மீதியில்லாமல் வெப்பமாகவே தரும். மற்ற கருவிகளில் வெப்பம் என்பது நஷ்டக் கணக்கு. மோட்டார் சூடானாலும் பல்பு சூடானாலும் நமக்கு வேண்டியது அதுவல்ல. ஹீட்டரில் அந்த நஷ்டம்தான் சரக்கே. ஃபேன் கிளப்பிய காற்று சுவரில் மோதி ஓய்ந்ததும் அந்த ஆற்றலும் வெப்பமாகத்தான் முடிகிறது. சின்னச் சிவப்பு விளக்கின் ஒளியும் அப்படியே, ஃபேனின் இரைச்சலும் அப்படியே. மின்சாரத்தை வீணாக்கும் ஹீட்டரைச் செய்யச் சொன்னால் எஞ்சினியர்கள் திண்டாடிப்போவார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சுவர் சாக்கெட்டிலேயே சொருகும் உள்ளங்கை அளவு ஹீட்டர் ஒன்று, பெரிய அறையையே நிமிடங்களில் சூடாக்கிவிடும் என்று விளம்பரங்களில் வருகிறதே, அது 400 வாட் என்றால் 400 வாட் வெப்பம்தான் தரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடம்பே ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. நாலு பேரை அறைக்குள் உட்காரவைத்தாலும் அதே பலன்தான், பேச்சுத்துணை உபரி.

இந்தக் கணக்குக்கு ஒரே ஒரு விதிவிலக்கு, திருப்பி ஓட்டக்கூடிய ஏசி. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளியே இருக்கிற வெப்பத்தை உள்ளே இறைக்கிறது. இப்படி ஒன்று செய்யலாம் என்று இயற்பியலாளர் கெல்வின் 1852லேயே எழுதிவிட்டார். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் உள்ளே வருவது இதில் சாதாரணம். வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒரு ஏசி மாட்டியிருந்தால் ஹீட்டர் வாங்கும் முன் அதன் ரிமோட்டில் சூரியன் படம் போட்ட பட்டனைத் தேடுங்கள். இல்லையென்றால் மேலே படிக்கலாம்.

ஃபேன் ஹீட்டரின் சல்லடை வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு கம்பிச்சுருள் மங்கிய சிவப்பில் கனன்றுகொண்டிருக்கும். திடப்பொருள் எதுவானாலும் சுமார் 525 டிகிரியைத் தொட்டால்தான் நம் கண்ணுக்கு அந்தச் சிவப்பு தெரியத் தொடங்கும். இப்போது கீழே கிடக்கிற ஒயரைத் தொடுங்கள், லேசான வெதுவெதுப்புதான். சுருளில் ஓடும் அதே மின்னோட்டம்தான் ஒயரிலும் ஓடுகிறது. ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர். வித்தியாசம் மின்தடையில் இருக்கிறது. சுருளுக்குச் சுமார் 26 ஓம், செம்பு ஒயருக்கு ஓம்மில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மின்னோட்டத்தின் இருமடியை (அதை அதாலேயே பெருக்கினால் வருவது) தடையால் பெருக்கினால் வருவதுதான் வெப்பம். இயற்பியலாளர் ஜூல் 1840களின் தொடக்கத்தில் கண்டு சொன்ன கணக்கு இது. இதை மனதில் வைத்திருங்கள், பிளக்கிடம் வரும்போது மறுபடி தேவைப்படும்.

இரும்புக் கம்பியை இப்படிக் கனலவிட்டால் கொஞ்ச நாளில் துருவாய் உதிர்ந்துவிடும். 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்கல்-குரோமியக் கலவைதான் மின்சார ஹீட்டர்களுக்கும் டோஸ்டர்களுக்கும் ஆயுள் கொடுத்தது. சூடானதும் அதன் மேல் குரோமிய ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்துகொள்ளும்; அந்தத் தோல் உள்ளே ஆக்சிஜனை விடாது.

ஆக, எந்த ஹீட்டர் வாங்கினாலும் 2000 வாட்டுக்கு 2000 வாட் கிடைத்துவிடுகிறது. அது உங்களிடம் வந்து சேர்கிறதா என்பதுதான் பார்க்கவேண்டிய விஷயம். இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறை. உள்ளே 36 கன மீட்டர் காற்று. எடை போட்டால் சுமார் 43 கிலோ. இந்தக் காற்றை 10 டிகிரி சூடாக்க 2000 வாட் ஹீட்டருக்கு நாலு நிமிடம்கூட வேண்டாம். ஆனால் உண்மையில் நாலு நிமிடத்தில் எந்த அறை சூடாகியிருக்கிறது? நாற்பது நிமிடம் கழித்தும் சால்வையை எடுக்க மனம் வராது. காரணம், காற்று அங்கே தனியாக இல்லை. நாலு சுவரின் சிமென்ட் பூச்சை மட்டும், அதுவும் ஒன்றரை சென்டிமீட்டர் கனம் என்று வைத்தாலும், சுமார் ஒரு டன் தேறும். அந்தப் பூச்சை ஒரு டிகிரி உயர்த்தத் தேவைப்படும் வெப்பம், அறைக் காற்று முழுவதுக்கும் தேவைப்படுவதைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு. அதற்குப் பின்னால் செங்கல் இருக்கிறது. தரை, பீரோ, மெத்தை எல்லாம் வரிசையில் நிற்கின்றன. சூடான காற்று கிடைத்ததும் முதலில் குடிப்பது இவைதான், நாம் இல்லை.

போதாததற்கு உடம்பும் சுவரோடு நேரடியாகக் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. தோலிலிருந்து வெப்பக் கதிர் ஓயாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும்; எதிரே இருக்கும் சுவர் குளிர்ந்திருந்தால் அது திருப்பித் தருவது குறைவு. காற்று 22 டிகிரி என்று தெர்மாமீட்டர் சொன்னாலும் சுவர் 12 டிகிரியில் இருந்தால் குளிர் விடாது. வெகுநாள் பூட்டிக்கிடந்த வீட்டுக்குள் ஹீட்டரைப் போட்ட முதல் நாள் இரவு எல்லோருக்கும் வரும் சந்தேகம், 'மெஷின் சரியில்லையோ?' மெஷின் சரியாகத்தான் இருக்கும். சுவர் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

ஆகவே கடைக்குப் போகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது: எனக்கு அறை சூடாகவேண்டுமா, நான் சூடாகவேண்டுமா?

நான் சூடானால் போதும், அதுவும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அரைமணி வேலை பார்க்கத்தான் என்றால், கனலும் குழாய் வைத்த குவார்ட்ஸ் அல்லது ஹாலஜன் ஹீட்டர்தான் சரி. 1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, சிவப்பு முடிந்த பிறகு வெறுமையாகத் தெரிந்த இடத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். அங்கேதான் பாதரசம் அதிகம் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத அந்த அகச்சிவப்புக் கதிர்தான் இந்த ஹீட்டரிலிருந்தும் வருகிறது. அது காற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் நேரே வந்து தோலிலும் துணியிலும் இறங்குகிறது. வெப்பநிலை ஏற ஏற இந்தக் கதிர் வெறித்தனமாகப் பெருகும். 80 டிகிரியில் இருக்கும் ஆயில் ஹீட்டர் தகட்டோடு ஒப்பிட்டால், 900 டிகிரியில் கனலும் குழாய் அதே பரப்பளவுக்கு 120 மடங்கு கதிர் வீசும். ஸ்விட்ச் போட்ட சில நொடிகளில் முகம் சிவக்கும். முதுகு விறைத்துக்கொண்டுதான் இருக்கும். இரண்டடி நகர்ந்தால் முகமும் குளிரும். கூரை மட்டும் உள்ள திறந்த முற்றத்துக்கும், எவ்வளவு சூடாக்கினாலும் எடுபடாத பெரிய ஹாலுக்கும் இதைவிட்டால் வேறு வழியில்லை. படுக்கையறையில் இரவெல்லாம் எரியவிட மட்டும் இது ஆகாது. கண்ணுக்கு வெளிச்சம், பக்கத்தில் போர்வை, நடுவில் 900 டிகிரி.

அறையே சூடாகவேண்டும், சீக்கிரம் சூடாகவேண்டும் என்றால் ஃபேன் ஹீட்டர். சூடான காற்று சும்மா விட்டால் கூரைக்குப் போய்விடும். தலைக்கு மேல் கோடையும் காலடியில் பனியுமாக அறை இரண்டாகப் பிரிந்துகொள்ளும். ஃபேன் அதைக் கலக்கிவிடுகிறது. ஃபேன் இல்லாத கன்வெக்டர் வகைதான் வீட்டில் இருக்கிறது என்றால் சீலிங் ஃபேனை எதிர்த் திசையில், மிக மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். மேலே தேங்கிய சூடு சுவரோரமாக இறங்கும்.

ஃபேன் ஹீட்டரிலேயே 'செராமிக்' என்று ஒரு வகை உண்டு. அந்தப் பெயரைக் கேட்டு விற்பனைப் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள்; அத்தனை வகையிலும் எனக்கு மிகவும் பிடித்த சரக்கு இதுதான். உள்ளே கம்பிச்சுருள் கிடையாது, பேரியம் டைட்டனேட்டில் செய்த பில்லைகள். இவற்றுக்கு விசித்திரமான குணம் ஒன்று. குறிப்பிட்ட வெப்பநிலை வரை மின்சாரத்தைத் தாராளமாக விடும். அதைத் தாண்டினால் மின்தடை ஆயிரம் மடங்குக்கு மேல்கூட எகிறிவிடும். மின்னோட்டம் தானாகவே படுத்துவிடும். ஃபேன் நின்றுபோனாலும், சல்லடையில் தூசு அடைத்தாலும், யாரோ துண்டைப் போட்டு மூடினாலும் பில்லை தன் எல்லையைத் தாண்டிச் சூடாகாது. கம்பிச்சுருளுக்கு இந்தப் புத்தி கிடையாது. காற்று நின்றால் அது இன்னும் சிவக்கத்தான் செய்யும். தடுக்கத் தனியாக ஒரு கட்-ஆஃப் வேண்டும், அதுவும் வேலை செய்யவேண்டும். செராமிக்கில் அந்தக் காவல்காரன் பொருளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். (துண்டைப் போடலாம் என்று அர்த்தமில்லை.)

அப்படியானால் ஆயில் ஹீட்டர் எதற்கு? இரவுக்கு. உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, தீர்வதுமில்லை. சீல் வைத்த வெப்ப உண்டியல் அது. முதல் அரைமணி வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கும். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் திருப்பிக் கொடுக்கும். சத்தமில்லை, வெளிச்சமில்லை, தகடு எங்கேயும் கனல்வதில்லை. கொடுத்ததைத்தான் தருகிறதே தவிர வட்டி தருவதில்லை. 'அணைத்த பிறகும் சூடாக இருக்கிறதே, அப்போது மிச்சம்தானே' என்பவர்கள், ஸ்விட்ச் போட்டதும் குளிர்ந்துகிடந்த அந்த அரைமணியை மறந்துவிடுகிறார்கள்.

மிச்சம் என்று ஒன்று உண்டென்றால் அது, சூடு போதுமானதும் ஹீட்டரை அணைக்கும் தெர்மோஸ்டாட்டில் இருக்கிறது. மலிவான ஹீட்டரில் இது இரட்டை உலோகப் பட்டை: வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டியது, சூடானால் வளைந்து 'டிக்' என்று தொடர்பை விடும். குமிழை உச்சத்துக்குத் திருகினால் அறை வேகமாகச் சூடாகாது. நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் போகும், அவ்வளவுதான். அந்தப் பட்டை ஹீட்டரின் உடம்பிலேயே இருப்பதால் அதற்குத் தெரிந்த உலகம் ஹீட்டரைச் சுற்றி ஓரடிதான். சோபாவுக்குப் பின்னால் மூலையில் வைத்தால் அங்கே தேங்கிய சூட்டை அறையின் சூடு என்று நம்பி முன்கூட்டியே அணைந்துவிடும்.

எத்தனை வாட் வாங்குவது? சுமாரான அறைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 100 வாட் என்பது புழக்கத்தில் உள்ள தோராயம். நம்முடைய 4-க்கு-3 அறைக்கு 1200 வாட். கூரை உயரமா, ஜன்னல் பெரிதா என்பதைப் பொறுத்து ஏறும். ஒற்றைக் கண்ணாடி போட்ட 2 சதுர மீட்டர் ஜன்னல், உள்ளுக்கும் வெளிக்கும் 15 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, சுமார் 170 வாட்டை வெளியே விடுகிறது. கதவிடுக்கு வழியாக மணிக்கு ஒருமுறை அறைக் காற்று முழுவதும் மாறினால் அதில் இன்னொரு 180 வாட். கதவுக்கடியில் சுருட்டி வைக்கும் ஒரு பழைய துணி இதில் ஒரு பகுதியைச் செலவில்லாமல் மிச்சம் பிடித்துத் தரும். பெட்டியில் இருந்த பச்சை இலையை அந்தத் துணியில்தான் குத்தியிருக்கவேண்டும்.

'ஹீட்டர் ஆக்சிஜனைக் குடித்துவிடும், அதனால்தான் தொண்டை வறள்கிறது' என்று சொல்வார்கள். மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை. ஆக்சிஜனைத் தின்பதும் நச்சுப் புகை விடுவதும் மண்ணெண்ணெய், கேஸ், கரி அடுப்புகள். வறட்சிக்குக் காரணம் வேறு. 10 டிகிரிக் காற்றால் ஒரு கன மீட்டருக்கு 9.4 கிராம் நீராவியைத்தான் தாங்கமுடியும்; 22 டிகிரியில் 19.4 கிராம். நீராவி அப்படியே இருக்கப் பாத்திரம் மட்டும் பெரிதாகிவிடுகிறது. 80 சதவீதம் இருந்த ஈரப்பதம் 39-க்கு இறங்க, காற்று நம் தொண்டையில் கைவைக்கிறது. சீசனின் முதல் நாள் வரும் அந்தக் கருகல் வாடை போன வருடத் தூசு.

இனி பிளக். எங்கள் வீட்டில் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் பிளக்கைப் பிடுங்கப் போனால் வரவில்லை. பலமாக இழுத்ததும் பழுப்பு நிறத்தில் உருகிய பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வந்தது. ஒரு பின்னைச் சுற்றி மட்டும் கருகியிருந்தது. ஜூலின் கணக்குதான். சாக்கெட்டின் பித்தளை நாக்கு தளர்ந்து, பின்னை முழுதாகப் பிடிக்காமல் ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் 0.2 ஓம் தடை வந்துவிடலாம். 8.7 ஆம்பியரின் இருமடியை அதனால் பெருக்கினால் 15 வாட். கேட்கச் சின்ன எண். ஆனால் சின்ன சால்டரிங் அயர்ன் ஓடுவதே அந்த 15 வாட்டில்தான், அது ஈயத்தையே உருக்குகிறது. செல்போன் சார்ஜருக்கு இதே தளர்ந்த சாக்கெட் ஆண்டுக்கணக்கில் போதும், ஏனென்றால் அங்கே ஓடும் மின்னோட்டம் மிகச் சொற்பம். 120 வோல்ட் புழங்கும் இடங்களில் 1500 வாட்டுக்கே 12.5 ஆம்பியர் ஓடுவதால் நிலைமை இன்னும் மோசம்.

அதிலிருந்து ஹீட்டர் நேரே சுவர் சாக்கெட்டில்தான். திரை, போர்வை, காகிதம் எதுவும் ஒரு மீட்டருக்குள் இல்லை. கவிழ்ந்தால் தானாக அணையும் ஸ்விட்ச் உள்ளதைத்தான் வாங்கினோம். அரைமணி ஓடியதும் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பார்க்கிறேன். வெதுவெதுப்பு என்றால் சரி. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றைக்குச் சால்வைதான், மறுநாள் எலக்ட்ரீஷியன்.