குதிரையின் தீராத இருமலும் தீனியில் இருக்கும் தூசியும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் அந்தியூர், காங்கேயம் பக்கங்களிலிருந்து சிகிச்சைக்கு வரும் குதிரைகளிடம் ஒரு வகை இருமலைத் தொடர்ந்து காண்கிறேன். காய்ச்சல் இருக்காது, தீனி எடுப்பதிலும் குறை இருக்காது, ஆனால் காய்ந்த சோளத்தட்டைத் தீனியாகப் போட்டவுடனும் ஓட்டத் தொடங்கியவுடனும் இருமும். "சளிதானுங்க" என்று எண்ணி வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஊசி போட்ட பிறகே பலர் கொண்டுவருகிறார்கள். தொற்றே இல்லாத இடத்தில் அந்த ஊசியால் பயன் இல்லை.

இது ஒவ்வாமையால் வரும் குதிரை ஆஸ்துமா. சரியாகக் காயாமல் போர் போட்ட சோளத்தட்டும் கடலைக்கொடியும் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கின்றன. அவற்றை உதறும்போது பூசண வித்துகளும் பாக்டீரியாத் துகள்களும் நுண்ணிய தூசியாகக் கிளம்புகின்றன. குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி என்பதால், தீனிக்குள் முகம் புதைத்திருக்கும் நேரமெல்லாம் அத்தூசி நுரையீரலின் அடிவரை இறங்கி, மூச்சுக்குழல்களைச் சுருக்கி, வீங்கச் செய்து, கெட்டிச் சளியால் அடைக்கிறது. "அதே தட்டைத் தின்கிற பக்கத்துக் குதிரைக்கு ஒன்றுமில்லையே" என்று கேட்பார்கள். ஒவ்வாமை உடலுக்கு உடல் மாறும். பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு. கடுமையான நிலை பெரும்பாலும் 7 வயதைத் தாண்டிய குதிரைகளில்தான் தெரிகிறது.

ஓய்வில் நிற்கும் நல்ல குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். நோய் முற்றினால் மூக்குத்துளைகள் விரிந்தே இருக்கும். மூச்சை வெளித்தள்ள வயிற்றுத் தசைகள் ஓயாமல் உழைப்பதால் விலாவின் கீழோரம் ஒரு கோடு விழும். அந்தக் கோடு விழும்வரை காத்திருக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்டீராய்டும் மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தும் திணறலைத் தணிக்கும். ஆனால் ஸ்டீராய்டை மருத்துவர் சொல்லாமல் போடக்கூடாது. சில குதிரைகளுக்கு அது குளம்பு அழற்சியைக் கொண்டுவரலாம்.

உண்மையான சிகிச்சை கொட்டகையில்தான் இருக்கிறது. மழையில் நனைந்த தட்டைக் குதிரைக்குப் போடவே கூடாது. நல்ல தட்டையும் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் தரையில் போடுங்கள். நம் வெயிலில் ஊறிய தட்டு விரைவில் கெடும் என்பதால், மிச்சத்தைச் சில மணி நேரத்தில் அள்ளிவிடுங்கள். தவிட்டை ஈரமாகப் பிசைந்தே வையுங்கள். தட்டுப் போர் கொட்டகைக்கு எட்டத்தில் இருக்கட்டும். பெருக்கும்போது குதிரை வெளியே நிற்கட்டும். கொறங்காடு (வேலியிட்ட மேய்ச்சல் நிலம்) உள்ளவர்கள் கொழுக்கட்டைப்புல்லில் மேயவிட்டு, வெள்வேல மர நிழலில் கட்டிவைத்தாலே சில வாரங்களில் மூச்சு இலகுவாவதைக் காணலாம். தேறியது என்று பழைய கொட்டகைக்கே கொண்டுவந்து பூசணத் தட்டைப் போட்டால், சில நாள்களுக்குள்ளேயே மூச்சிளைப்பு திரும்பிவிடும்.