பிக் தந்தியை விடும் அந்தக் கணம்

கிட்டார் தந்தியை மீட்டப் பயன்படும் சின்னத் தகடான பிக்கைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “கிட்டார் அதேதான், தந்தி அதேதான், வாசிக்கிற கையும் அதேதான். பிக்கை மாற்றினால் மட்டும் ஒலி ஏன் மாறுகிறது? இல்லை, எல்லாம் மனப்பிரமையா?”

பெரும்பாலும் மனப்பிரமை இல்லை. கொஞ்சம் உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

மீட்டிய தந்தியில் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களில் மேற்சுரங்களும் சேர்ந்து வரும் என்பது பள்ளியில் படித்ததுதான். எந்த மேற்சுரம் எவ்வளவு பலமாக வருகிறதோ அதைப் பொறுத்து ஒலியின் குணம் அமைகிறது. தந்தி விடுபடும் கணத்தில் என்ன வடிவில் இருந்தது, எந்தப் பக்கம் இழுபட்டிருந்தது, எவ்வளவு சட்டென்று விடுபட்டது என்பவை இந்தக் கலவையை முடிவு செய்கின்றன. பிக்குக்கு அதோடு வேலை முடிந்தது.

முதலில் தடிமன். கடையில் கிடைப்பவை ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். 0.7-க்கும் 0.9-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஆனால் ஒரு தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதனால் 0.9 பிக், அதே பொருளில் செய்த 0.7 பிக்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விறைப்பானது. 0.5-ஐ 1 ஆக்கினால் எட்டு மடங்கு. மெல்லிய பிக் தானே வளைந்து தந்தியைச் சீக்கிரம் விட்டுவிடும். வேகமாக ஸ்ட்ரம் செய்யும்போது, அதாவது பல தந்திகளை ஒரே வீச்சில் மீட்டும்போது, ஒரு அடி கூடக்குறைய விழுந்தாலும் சத்தம் ஓரளவு சமமாகவே கேட்கும். வளைந்த பிக் நிமிரும்போது வருகிற ‘டிக்’ ஓசை இலவச இணைப்பு. தடித்த பிக் வளையாது. மணிக்கட்டு செய்வது அப்படியே தந்திக்குப் போகும், தப்பும் சேர்த்து.

அடுத்தது முனை. முனை அகலமாக உருண்டிருந்தால் தந்தியை அகலமாகத் தொடும். அந்த அகலத்தைவிடக் குறுகிய வளைவுகள் தந்தியில் சரியாக உருவாகாது, உயர்ந்த மேற்சுரங்கள் மங்கும். 648 மில்லிமீட்டர் நீளமுள்ள கிட்டார் தந்தியை 6 மில்லிமீட்டர் அகலத்தில் தொட்டால், அந்த அகலம் 108-வது மேற்சுரத்தின் அரை அலைநீளத்துக்குச் சமம். 82 ஹெர்ட்ஸ் தடித்த தந்தியில் அது சுமார் 8,900 ஹெர்ட்ஸ், காதுக்கு எட்டுகிற இடம். 330 ஹெர்ட்ஸ் மெல்லிய தந்தியிலோ 35,000-ஐத் தாண்டிவிடும், மனிதக் காதுக்கு அங்கே வேலையில்லை. ஆக, முனையின் அகலம் தடித்த தந்திகளில்தான் கூடுதலாகத் தெரிய வேண்டும்.

எனக்குப் பிடித்த விஷயம் விளிம்பில் இருக்கிற சரிவு. பெவல் என்பார்கள். 1.5 மில்லிமீட்டர் பிக்கின் விளிம்பைச் செங்குத்தாக வெட்டி அப்படியே விட்டிருந்தால், தந்தி பிக்கின் முகத்தில் வழுக்கி வந்து மூலையில் மாட்டும், பிறகு அந்த 1.5 மில்லிமீட்டரையும் உரசிக்கொண்டே கடக்கும். மூலையைச் சரிவாகத் தேய்த்துவிட்டால் மாட்டாமல் வழுக்கிப் போய்விடும். சரி, வழுக்குவது மட்டும்தானா என்றால், இல்லை. பிக் பக்கவாட்டில் நகர்கிறது, தந்தியோ சரிவான பரப்பில் உட்கார்ந்திருக்கிறது. சரிந்த பரப்பு தன் செங்குத்துத் திசையில்தானே தள்ளும்? அதனால் தந்தி பக்கவாட்டில் மட்டும் போகாமல், கிட்டாரின் மேற்பலகையை நோக்கியும் அமுங்குகிறது. ஒலியைக் காற்றுக்குக் கொடுப்பது அந்தப் பலகைதான், அதுவும் மேலும் கீழுமாக அசைந்து. பலகையை நோக்கி அதிரும் தந்தி தன் ஆற்றலை அதற்கு வேகமாகக் கொடுத்துவிடும், சத்தம் கூடும், சீக்கிரம் அடங்கும். பக்கவாட்டில் அதிரும் தந்தி மெதுவாகத்தான் கொடுக்கும், நீண்டு ஒலிக்கும். ஒரு சின்னச் சரிவு தந்தியின் அதிர்வுத் திசையையே திருப்பிவிடுகிறது! எலக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தை எடுப்பது, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் என்பதால் அங்கே கணக்கு வேறு.

சரிவு உருண்டு நீண்டிருந்தால் தந்தி விடுபடவும் நேரம் கூடும். ஆயிரத்தில் ஒரு நொடி ஆனால், ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளவை தளர ஆரம்பிக்கும். இது மெல்லிய தந்தியையும் விட்டுவைக்காது.

பிக்கைச் சாய்த்துப் பிடிப்பவர்களுக்கு இந்தச் சரிவு தானாகவே வந்துவிடும். கீழ்நோக்கிய அடியில் ஒரு ஓரத்தின் முன்பக்கமும், மேல்நோக்கிய அடியில் எதிர் ஓரத்தின் பின்பக்கமும் தேயும். பழைய பிக்கைத் திருப்பிப் பாருங்கள். இடது கைக்காரரின் பிக்கில் தேய்மானம் கண்ணாடிப் பிம்பம் போல மாறியிருக்கும்.

இனி மனப்பிரமை. ஒரு காலத்தில் பிக்குகளை அழுங்காமை என்ற கடலாமையின் ஓட்டிலிருந்து செய்தார்கள். அதன் சர்வதேச வணிகத்துக்கு 1977-லிருந்து தடை. அந்த ஓட்டில் இருப்பது கெரட்டின், நம் நகத்தில் இருக்கிற அதே வகைப் புரதம். பொருள் மாறினால் விறைப்பும் உராய்வும் மாறும், அதன் வழியாக ஒலியும் மாறும், மறுக்கவில்லை. ஆனால் ‘ஆன்மா’, ‘மாயம்’ என்று பேசி அழிந்துவரும் உயிரினத்தின் ஓட்டுக்கு இன்னும் ஏங்குவது சுத்த மூடநம்பிக்கை. கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரே அளவில் ஒரே சரிவோடு செய்த இரண்டு பிக்குகளை இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இதற்கெல்லாம் ஆய்வு மானியம் தேவையில்லை, ஒரு மதியம் போதும். பழைய வயலின்களின் வார்னிஷ் மீது காட்டுகிற அக்கறையில் கொஞ்சம் பிக்கின் விளிம்புக்கும் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்பது என் தனிப்பட்ட புலம்பல்.

புதுப் பிக் வாங்குவதற்கு முன் கையை ஒரு அங்குலம் பிரிட்ஜ் பக்கம் (மேற்பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டை) நகர்த்தி வாசித்துப் பாருங்கள். பல பிக்குகள் செய்கிற மாற்றத்தைவிட அது பெரியதாக இருக்கும். அதுவும் போதவில்லையென்றால் 400 எண் உப்புத்தாளில் விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, 1000-க்கு மேற்பட்ட தாளில் வழவழப்பாக்குங்கள். சொரசொரப்பாக விட்டால் மேலே மெல்லிய கம்பி சுற்றிய தந்திகளில் ‘சர்’ என்று கீறும்.