கிடா எதுக்குப் பல்லை இளிக்குது?

ஆட்டுக்கிடா பெட்டை ஆட்டோட மூத்திரத்தை மோந்துட்டு, தலையை அண்ணாந்து மேல் உதட்டைச் சுருட்டிக்கிட்டு அப்படியே நிக்கும், பாத்திருப்பீங்க. சின்ன வயசுல அது சிரிக்குதுன்னு நெனச்சு நாங்களும் திருப்பி இளிச்சுக் காட்டுவோம். (பல்லுன்னு சொல்றோமே ஒழிய ஆட்டுக்கு மேல்வரிசைல முன்பல்லே கிடையாது, தெரியறது ஈறு.) சிரிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, அது தன்னோட ரெண்டாவது மூக்கால மோந்துக்கிட்டு இருக்கு.

முதல் மூக்கு நமக்கும் இருக்கறதுதான். மூக்குக்குள்ள மேல ஈரமா ஒரு சவ்வு, அதுல லட்சக்கணக்குல நரம்பு செல், காத்துல வர்ற வாசனை மாலிக்யூல் அந்தச் சளில கரைஞ்சு செல் மேல இருக்கற ரிசெப்டர்ல (வாசனையைப் பிடிக்கற புரதம்) போய் ஒட்டும், உடனே மூளைக்கு சிக்னல். ஒரு செல்லுக்கு ஒரு வகை ரிசெப்டர்தான். மனுஷனுக்கு சுமார் 400 வகை, எலிக்கு 1000க்கு மேல, ஆப்பிரிக்க யானைக்குக் கிட்டத்தட்ட 2000. இந்த ரிசெப்டர்களுக்கான ஜீன்களை 1991ல லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெல் ரெண்டு பேரும் கண்டுபிடிச்சாங்க, 2004ல நோபல். வெறும் 400ஐ வச்சு இத்தனை வாசனை எப்படின்னா, ஒரு மாலிக்யூல் பல ரிசெப்டரைத் தட்டும், எதெது சேர்ந்து அடிச்சுதுன்னு பாத்துத்தான் மூளை இது இன்ன வாசனைன்னு முடிவு பண்ணுது. அளவும் முக்கியம்: மல்லிப்பூல இருக்கற இண்டோல்ங்கற கெமிக்கல் மலத்துலயும் இருக்கு, கொஞ்சமா இருந்தா பூ, கூடிப்போனா நாத்தம்.

ரெண்டாவது மூக்குக்கு ஜேக்கப்சன் உறுப்புன்னு பேரு, 1813ல விவரிச்சவர் பேர்ல. அண்ணத்துக்கு மேல, மூக்கோட அடில சின்னக் குழல் மாதிரி இருக்கும். காத்துல பறக்காத கனமான மாலிக்யூலையும் ஈரத்தோட சேத்து உள்ள இழுக்கறதுக்குத்தான் கிடா அப்படி இளிக்குது. இங்கேருந்து நரம்பு தனி ரூட்ல மூளைல அமிக்டலா, ஹைப்போதலாமஸ்ங்கற பகுதிங்க பக்கம், அதாவது ஹார்மோன் ஆபீசுக்கே போயிடுது.

அதுக்காக ஃபெரோமோன்னா (ஒரு பிராணி தன் இனத்துக்கே சேதி சொல்ல விடுற கெமிக்கல்) ரெண்டாவது மூக்குதான்னு முடிவு பண்ணிடாதீங்க, ஆண் பன்னியோட எச்சில்ல வர்ற ஆண்ட்ரோஸ்டீனோன் வாசம் பட்டதும் பருவத்துல இருக்கற பொட்டைப்பன்னி அசையாம நிக்குமே, அதை அது மோக்கறது சாதா மூக்காலதான். நமக்கோ அந்த உறுப்புக்கு வேண்டிய டிஆர்பிசி2 ஜீனே பழுதாகிடுச்சு, மனுஷ ஃபெரோமோன்னு ஒண்ணு இதுவரைக்கும் உறுதியாகல, அதனால ஃபெரோமோன் சென்ட்டுன்னு விக்கறவங்ககிட்ட காசைக் குடுக்காதீங்க.

எனக்குப் புடிச்சது யானைக் கதைதான். ஆசிய யானை இளிக்காது, மூத்திரத்தைத் தும்பிக்கை நுனியால தொட்டு வாய்க்குள்ள அண்ணத்துல இருக்கற ஓட்டைல வைக்கும். பொட்டை யானை பருவத்துக்கு வர்றதைச் சொல்ற கெமிக்கல் என்னன்னு 1996ல கண்டுபிடிச்சுப் பாத்தா, நூத்துக்கும் மேல அந்துப்பூச்சி வகைங்க ஜோடி தேட விடுற அதே சரக்கு! குழப்பம் வராதான்னா வராது, பூச்சி விடுறது யானை கண்டுக்கற அளவுக்கே இல்ல, பூச்சிங்க பெரும்பாலும் ரெண்டு மூணு கெமிக்கல் சரியான விகிதத்துல கலந்திருந்தாத்தான் கிளம்பி வரும்.